மின்னஞ்சலில் நிறுவனச் சின்னம்: பிமி பதிவு

பிமி என்பது ஒரு நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பக்கத்தில் அந்த நிறுவனத்தின் சின்னத்தை, அதாவது லோகோவை, அஞ்சல் பெட்டியே காட்டும் ஏற்பாடு. பிராண்ட் இண்டிகேட்டர்ஸ் ஃபார் மெசேஜ் ஐடென்டிஃபிகேஷன் என்ற நீண்ட பெயரின் சுருக்கம் இது. ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்கு முன்னால் ஒரு சிறு வட்டம் இருக்கும். அதில் வெறும் முதலெழுத்துக்குப் பதிலாக வங்கியின் சின்னமோ கடையின் சின்னமோ தெரிந்தால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் பிமி இருக்கிறது. ஜிமெயில் இதை 2021 ஜூலையில் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தது. ஆப்பிளின் அஞ்சல் செயலி 2022-ல் சேர்த்துக்கொண்டது. யாகூ இருவருக்கும் முன்பே தொடங்கியிருந்தது.

பார்ப்பதற்கு இது விளம்பர வேலை போலத் தோன்றும். ஆனால் சின்னம் தெரிவதற்கு முன் நிறுவனம் செய்து முடிக்க வேண்டிய வேலைகளே இதில் முக்கியமானவை.

தொழிற்சாலைப் பகுதியில் இதன் தேவை

சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் நீள்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-லும், டைம்லர் 2012-லும், ராயல் என்ஃபீல்டு 2013-லும் ஆலைகளைத் திறந்தன. இவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு நிறுவனங்களும் இங்கே ஏராளம். இங்கு வேலை கிடைக்காதா என்று ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிள்ளைகள் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஆவலைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். பெயர்பெற்ற கார் நிறுவனத்தின் சின்னத்தோடு நேர்முகத் தேர்வு அழைப்பு வரும். கூடவே, ‘திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை’ என்று சில ஆயிரம் ரூபாய் கேட்கப்படும். கடிதத்துக்குள் ஒட்டியிருக்கும் சின்னத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. இணையத்திலிருந்து அதை எடுத்து ஒட்ட அரை நிமிடம் போதும். அஞ்சல் பெட்டி தானே சரிபார்த்து, கடிதத்துக்கு வெளியே காட்டும் சின்னம் வேறு வகை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதே ஒரு மாணவருக்குப் பெரிய பாதுகாப்பு.

அடிப்படைக் குறை

மின்னஞ்சலை அனுப்பும் நெறிமுறை 1982-ல் வகுக்கப்பட்டது. அப்போது வலையில் இருந்தவர்கள் சிலர். அவர்கள் ஒருவரையொருவர் நம்பினார்கள். அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதினாலும் அந்த நெறிமுறை கேள்வி கேட்காது. தபால் உறையின் பின்புறம் ‘அனுப்புநர்: மாவட்ட ஆட்சியர்’ என்று யாரும் எழுதிவிடலாம் அல்லவா, அதுபோலத்தான்.

இந்தக் குறையை அடைக்க டிஎன்எஸ் எனப்படும் களப்பெயர் முறைமை உதவுகிறது. மின்னஞ்சல் முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின் வருவது களப்பெயர். ஒவ்வொரு களப்பெயருக்கும் இணையத்தில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். களப்பெயரின் உரிமையாளர் மட்டுமே அதில் எழுத முடியும். அங்கே எழுதும் சிறு வரிகளே டிஎன்எஸ் பதிவுகள்.

முதலில் மூன்று பதிவுகள்

எஸ்பிஎஃப் என்ற பதிவு, இந்தக் களப்பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்று பட்டியலிடுகிறது. ஒரு களப்பெயருக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்க வேண்டும். புதிய மென்பொருள் வாங்கும்போது பழைய பதிவோடு சேர்க்காமல் இரண்டாவதாக ஒன்றை எழுதிவிடுவது வழக்கமான பிழை. அப்படிச் செய்தால் இரண்டுமே பயனற்றுப் போகும்.

டிகேஐஎம் என்பது ஒவ்வொரு கடிதத்திலும் இடப்படும் கணினி முத்திரை. முத்திரை குத்தும் சாவி நிறுவனத்திடம் ரகசியமாக இருக்கும். சரிபார்க்கும் சாவி டிஎன்எஸ் பதிவில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். முத்திரைக்கு உட்பட்ட பகுதியில் வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது.

மூன்றாவது டிமார்க். 2012-ல் முதலில் வெளியான இந்த முறை, மேற்சொன்ன சோதனைகளில் ஒன்றாவது அனுப்புநர் இடத்தில் தெரியும் களப்பெயரோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறது. இரண்டுமே பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் உரிமையாளரே சொல்லலாம்: ஒன்றும் செய்ய வேண்டாம், ஸ்பேமில் போடு, அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பு. முதல் நிலையில் இருக்கும் நிறுவனத்துக்குப் பிமி கிடையாது. இரண்டாவது அல்லது மூன்றாவது நிலைக்கு முழுமையாக வந்திருக்க வேண்டும்.

இங்கேதான் உண்மையான உழைப்பு இருக்கிறது. ஒரகடத்தில் ஒரு நடுத்தர உதிரிபாக நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். அலுவலக அஞ்சல் ஓரிடத்திலிருந்து போகும். சம்பளச் சீட்டு வேறொரு மென்பொருளிலிருந்து, கொள்முதல் ஆணை இன்னொன்றிலிருந்து, ஆட்சேர்ப்பு அறிவிப்பு மூன்றாவது ஒரு சேவையிலிருந்து போகும். யாரும் நினைவில் வைத்திராத பழைய ஸ்கேனர் இயந்திரம்கூட நிறுவனத்தின் பெயரில் அஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு ‘திருப்பி அனுப்பு’ என்று எழுதிவிட்டால் சொந்தத் தொழிலாளர்களின் சம்பளச் சீட்டே போய்ச் சேராது. ஆகவே ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்ற நிலையில் சில வாரங்கள் வைத்து, வரும் அறிக்கைகளைப் படித்து, விட்டுப்போன ஒவ்வொரு சேவையையும் சரிசெய்துவிட்டு மேலே போவதே முறை.

பிறகு சின்னம்

சின்னம் சதுரமான எஸ்விஜி கோப்பாக, அதிலும் டைனி பிஎஸ் என்ற கட்டுப்பாடான வகையில் இருக்க வேண்டும். சாதாரணப் புகைப்படக் கோப்பு செல்லாது. அதைப் பாதுகாப்பான இணைய முகவரி ஒன்றில் வைத்துவிட்டு, டிஎன்எஸ்ஸில் டெக்ஸ்ட் வகைப் பதிவு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பதிவின் பெயர் ‘டீஃபால்ட்’ என்று தொடங்கும். பிறகு புள்ளி, அடிக்கோடு, ‘பிமி’, மீண்டும் புள்ளி, கடைசியில் நிறுவனத்தின் களப்பெயர். உள்ளே மூன்று பகுதிகள்: ‘வி’ என்ற எழுத்துக்கு எதிரே பதிப்பு எண், ‘எல்’ என்ற எழுத்துக்கு எதிரே சின்னம் இருக்கும் முகவரி, ‘ஏ’ என்ற எழுத்துக்கு எதிரே சான்றிதழ் இருக்கும் முகவரி.

ஜிமெயிலும் ஆப்பிளும் சான்றிதழ் இல்லாமல் சின்னத்தைக் காட்டுவதில்லை. விஎம்சி எனப்படும் சான்றிதழுக்குச் சின்னம் வர்த்தக முத்திரையாக, அதாவது டிரேட்மார்க்காக, பதிவாகியிருக்க வேண்டும். இந்தியாவில் 1999-ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டப்படி பதிவு நடக்கிறது. தமிழகத்துக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. இணையவழி விண்ணப்பத்துக்குத் தனிநபர்களும் சிறு நிறுவனங்களும் 4,500 ரூபாயும், மற்றவர்கள் 9,000 ரூபாயும் செலுத்துகிறார்கள். சான்றிதழுக்கு ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். சிறு பட்டறைக்கு இது தேவையற்ற செலவு என்றே சொல்லலாம். முதல் மூன்று பதிவுகளுக்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை, காப்பாற்றுபவையும் அவைதாம். 2024 முதல் ஜிமெயில் சிஎம்சி என்ற இன்னொரு சான்றிதழையும் ஏற்கிறது. ஓராண்டுக்கு மேல் பயன்பாட்டில் உள்ள சின்னமாக இருந்தால், முத்திரைப் பதிவு இல்லாமலே அதைப் பெறலாம். ஆனால் அதற்கு நீலக் குறி கிடைக்காது. 2023-ல் ஜிமெயில் அறிமுகப்படுத்திய அந்த நீல ‘டிக்’, விஎம்சி உள்ளவர்களுக்கு மட்டுமே.

எங்கே தவறும்?

நீலக் குறி வந்த சில வாரங்களிலேயே, அமெரிக்காவின் யூபிஎஸ் கூரியர் நிறுவனத்தின் பெயரில் ஒரு போலி அஞ்சல் அதே குறியோடு வந்தது. எஸ்பிஎஃப் சோதனை மட்டும் போதும் என்று விட்டிருந்ததே ஓட்டை. அதன் பிறகு பிமிக்கு டிகேஐஎம் கட்டாயம் என்று கூகுள் மாற்றியது.

இன்னொரு வகை மோசடியை டிமார்க் தொடவே முடியாது. 2015-ல் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்குச் சவூதி அராம்கோ தர வேண்டிய சுமார் 197 கோடி ரூபாய் வேறொரு வங்கிக் கணக்குக்குப் போய்விட்டதாக மும்பை போலீசில் புகார் பதிவானது. மோசடிக்காரர்கள் பயன்படுத்திய களப்பெயரில் ‘என்’, ‘ஜி’ என்ற இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்தன. அப்படிப்பட்ட களப்பெயரை வாங்கியவர் அதற்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாவற்றையும் ஒழுங்காகவே எழுதிவிட முடியும். சோதனைகளில் எல்லாம் தேறிவிடும். அவருக்குக் கிடைக்காதது அசல் நிறுவனத்தின் முத்திரைச் சான்றிதழ் ஒன்றுதான். பிமிக்குத் தனி மதிப்பு இருப்பது இந்த இடத்தில்.

சின்னம் இல்லாததால் மட்டும் ஓர் அஞ்சல் போலி ஆகிவிடாது. பிமி அமைக்காத நேர்மையான நிறுவனங்கள் மிகப் பல. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் பிமியை ஏற்பதும் இல்லை. ஐயம் வந்தால், கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த அஞ்சலின் மூன்று புள்ளிப் பட்டியலில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதை அழுத்தினால், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’ என்று தெரியும். மூன்றும் ‘பாஸ்’ என்றாலும் களப்பெயரை எழுத்தெழுத்தாகப் படித்து, நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். விரைவாகச் சொன்னால், அந்தப் பணம் கணக்கிலிருந்து எடுக்கப்படும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.