வலிப்பு வார்டில் புகையை விடுதல்

வலிப்பு நோயாளிகளைச் சில நாட்கள் மருத்துவமனையில் தங்கவைப்பது பெரும்பாலும் வீடியோ இ.இ.ஜி. பரிசோதனைக்காகத்தான். வலிப்பு மூளையின் எந்தப் பகுதியில் தொடங்குகிறது என்று கண்டறிய, தலையில் மின்முனைகளை ஒட்டி, கேமராவின் பார்வையிலேயே இரவும் பகலும் வைத்திருப்பார்கள். வலிப்பைப் பதிவுசெய்வதற்காக மாத்திரையின் அளவைக் குறைப்பதும் உண்டு. அந்த நிலையில் பீடி, சிகரெட் பற்றவைப்பது பேராபத்து. நினைவு தப்பினால் உடையும் படுக்கையும் தீப்பிடிக்கும். இந்தியாவில் மருத்துவமனைகளில் புகைப்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்கிறது.

ரத்தத்திலுள்ள நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் சேர்ந்த அன்றே எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் தலைகாட்டும். முதல் சில நாட்கள் கடுமையாக இருக்கும்; 2 முதல் 4 வாரங்களில் தணியும். தூக்கம் கெடுவதும் மன அழுத்தமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. எனவே பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதைவிட, புகைப்பழக்கத்தை வார்டில் சேரும்போதே சொல்லிவிடுவது நல்லது.

புகையை விட உதவும் மருந்துகளில் சில வலிப்பு நோயாளிக்குப் பொருந்தா. புப்ரோப்பியான் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுவதால் அறவே கூடாது. வரனிக்லினால் வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் எச்சரித்தது. மருத்துவர் நன்மை தீமைகளை எடைபோட்டே அதைத் தர வேண்டும். பலருக்கும் ஏற்றது, மருத்துவர் அளவு குறித்துத் தரும் நிகோடின் பட்டை. 21, 14, 7 மில்லிகிராம் என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரலாம். ரோமமில்லாத, உலர்ந்த தோலில் ஒட்டித் தினமும் இடம் மாற்ற வேண்டும். இரவில் தூக்கம் கெட்டால் படுக்கும்முன் கழற்றிவிடலாம். நிகோடின் சூயிங்கம் பரிசோதனை நேரத்துக்கு ஒத்துவராது: மெல்லும்போது தாடைத் தசையின் அசைவு இ.இ.ஜி. பதிவைக் குழப்பும், வலிப்பு வந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

புகையை விட்டதும் சில மருந்துகளின் அளவு ரத்தத்தில் ஏறும். காரணம், சில மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைப் புகை முடுக்கிவிடுகிறது. புகை நின்றால் அந்த வேகம் குறைகிறது. ஆஸ்துமாவுக்கான தியோபிலினும் மனநோய்க்கான குளோசபினும் இவ்வகையைச் சேர்ந்தவை. அளவு மிஞ்சினால் இரண்டுமே வலிப்பை வரவழைக்கும். ஆகவே உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வார்டில் விட்ட பழக்கம் வீட்டில் திரும்புவதே அதிகம். மருத்துவமனையில் தொடங்கும் ஆலோசனை, வீடு திரும்பிய பின்னும் ஒரு மாதமாவது தொடர்ந்தால்தான் பலன் நிலைக்கிறது. அடுத்த பரிசோதனைத் தேதியைக் குறிக்கும்போதே ஆலோசனைக்கான தேதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்திய அரசின் 1800-11-2356 என்ற இலவச எண்ணிலும் உதவி கிடைக்கும்.