ஊசியை ஒப்படைத்தவர்கள்

வெக்கை நோய் என்றால் என்னவென்று இன்றைய இளைஞரைக் கேட்டால் விழிப்பர். மாடு வளர்த்த முதியவரைக் கேட்டால் அவர் முகம் வாடும். காய்ச்சல் கண்டு, வாயெல்லாம் புண்ணாகி, கழிச்சலால் உடல் வற்றி, பத்து நாளுக்குள் மாடு செத்து விழும். ஒரு தொழுவில் புகுந்த நோய் ஊர்த் தொழுக்களையெல்லாம் வெறுமையாக்கிவிட்டே அகலும்.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டுக்குப் பின் அந்நோய் தலைகாட்டவில்லை. 2011ஆம் ஆண்டில், உலகில் எங்குமே அது இல்லை என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அறிவித்தது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதர் அடியோடு ஒழித்த நோய் இதுவே. இந்த வெற்றியின் கடினமான பகுதி ஆப்பிரிக்காவில், போர் நடந்துகொண்டிருந்த நிலங்களில் ஈட்டப்பட்டது. தாய்நாட்டை விட்டுத் தொண்டாற்றச் சென்ற கால்நடை மருத்துவர்கள் அதில் பங்கு கொண்டார்கள். பிறருக்கு எவ்வாறு உதவுவது என்று எண்ணுகிற நம் குடும்பங்கள் அவர்களுடைய அனுபவத்தை அறிந்துகொள்வது நலம்.

மாடே வாழ்வு

நைல் நதிச் சதுப்பு நிலங்களையொட்டி வாழ்பவர்கள் தென் சூடானின் டிங்கா, நுவர் மக்கள். கோடை வந்தால் நீரும் புல்லும் தேடி மாடுகளுடன் ஆற்றோரக் கிடைகளுக்குப் பெயர்ந்துவிடுவர். கொசுவையும் ஈயையும் விரட்டச் சாணப் புகை மூட்டி, அந்தச் சாம்பலையே உடம்பில் பூசிக்கொள்வர். பாலே குழந்தைகளின் உணவு. பெண்ணுக்குப் பரிசம் மாடு. கொலைப் பழிக்கு ஈடும் மாடு. வெள்ளைக் காளையின் பெயரான மபியோர், கறுப்பும் வெள்ளையும் கலந்த காளையின் பெயரான மஜோக் என்பவை அங்கே ஆண்களுக்கு இடும் பெயர்கள். அத்தகைய மக்களிடையே மாடு மடிந்தால் குடும்பமே குலையும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆப்பிரிக்கா இதை முன்னரே அனுபவித்திருந்தது. 1887ஆம் ஆண்டளவில் எரித்ரியாவுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட மாடுகளுடன் வெக்கை நோயும் வந்திறங்கியது. பத்தாண்டுக்குள் அது கண்டத்தின் தென்கோடியை எட்டிற்று. பல இடங்களில் பத்து மாடுகளுக்கு எட்டு, ஒன்பது மாண்டன. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் எத்தியோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மடிந்தனர் என்று கணிப்போர் உண்டு.

பனிக்கட்டியும் விமானமும்

1983இல் சூடானில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டது. தெற்கே அரசின் கால்நடை மருத்துவப் பணி நின்றது. 1989இல் ஐக்கிய நாடுகள் பெரும் துயர்துடைப்புப் பணியைத் தொடங்கின. கென்யாவின் லோக்கிச்சோகியோ என்னும் சிற்றூரிலிருந்து உணவும் மருந்தும் விமானத்தில் சென்றன. மாடுகளுக்கான தடுப்பு மருந்தும் சென்றது.

மருந்து நல்ல மருந்துதான். வால்டர் பிளௌரைட் என்னும் ஆங்கிலேய அறிஞர் கென்யாவில் உழைத்து உருவாக்கியது. ஒரே ஊசி, வாழ்நாள் முழுவதற்கும் காப்பு. ஆனால் அதைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். மின்சாரமும் சாலையும் இல்லாத நாட்டில் பனிக்கட்டிப் பெட்டிகளைச் சுமந்து திரிவது எளிதா? பெட்டி வருமுன் கிடை இடம் பெயர்ந்திருக்கும். பனிக்கட்டி உருகினால் மருந்தும் பாழ். இத்தனை இடர்ப்பட்டும் 1992இல் ஊசி போடப்பட்ட மாடுகள் சுமார் 1,40,000.

மறு ஆண்டில் இந்த எண்ணிக்கை பத்து மடங்குக்கு மேல் உயர்ந்து, பதினான்கு இலட்சத்தைத் தாண்டியது. அதே நாடு, அதே போர். மாறியவை இரண்டு.

முதலாவது, மருந்து. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி மேரினர், தடுப்பு மருந்தை உலர்த்தும் முறையை மாற்றி, குளிர்பதனம் இன்றியும் பல வாரங்கள் கெடாதபடி செய்தார். ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிடலாம்.

இரண்டாவது, ஊசி பிடித்த கை. அந்தந்த ஊர்ப் பெரியோர் தங்களுக்குள் நம்பிக்கையானவர்களைத் தேர்ந்தெடுத்தனர். எழுத்தறியாதவர்களும் அவர்களுள் இருந்தனர். வெளிநாட்டு மருத்துவர்கள் அவர்களுக்குச் சில நாட்கள் பயிற்சி தந்து, ஊசியை ஒப்படைத்தார்கள். கிடை எங்கே போயிருக்கிறது, எந்தப் பசு சினையாயிருக்கிறது, யாரிடம் முதலில் பேச வேண்டும் என்பதையெல்லாம் அறிந்தவர்கள் அந்த இடையர்களே. விமானம் இறங்க முடியாத இடத்துக்கும் அவர்கள் நடந்தே போனார்கள்.

இதைச் செய்வது மருத்துவர்களுக்கு எளிதாக இருந்திராது. ஆண்டுக்கணக்கில் கற்ற கல்வியைப் படிக்காத ஒருவர் கையில் கொடுப்பதா என்று தொழில் வட்டாரங்களில் எதிர்ப்பு எழுந்தது. அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. அளவு குறைத்துப் போட்ட மருந்து தீங்கு செய்யும். ஆகவே கூடவே இருந்து மேற்பார்ப்பதும் மீண்டும் பயிற்சி தருவதும் தேவையாயின. எல்லைகளற்ற கால்நடை மருத்துவர்கள் என்னும் பெயர் கொண்ட ஐரோப்பியத் தொண்டு அமைப்புகள் இந்தப் பணியைப் பல ஆண்டுகள் செய்தன.

கற்பிக்கச் சென்றோர் கற்றது

டிங்கா மக்கள் ஒரு நோயை லியேய் என்பார்கள். மாடு நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகும். மருத்துவ நூல்களில் அப்பெயர் இல்லை. அதைப் பாமரப் பேச்சு என்று ஒதுக்காமல், மருத்துவர்கள் இடையரோடு அமர்ந்து கேட்டனர், மாடுகளைச் சோதித்தனர். ஈரல் புழு, குடற்புழு, ஈயால் பரவும் இரத்த நோய் முதலியவை ஒரே மாட்டைச் சேர்ந்து தாக்குவதன் விளைவே லியேய் என்பது புலனாயிற்று. இடையர் சொன்ன குறிகள் ஆய்வுக்கூடம் கண்டவற்றோடு பொருந்தின.

இன்னொரு பாடம் கசப்பானது. எல்லா மருந்தையும் இலவசமாக வாரி வழங்கினால், ஊரில் சிறு கட்டணம் பெற்று அதே மருந்தை அளிக்கும் பயிற்சி பெற்றவரின் பிழைப்பு கெடும். தொண்டர் விமானம் ஏறிய மறுநாள் மருந்தும் இராது, மருத்துவம் அறிந்தவரும் இரார். கருணையால் கொடுத்ததே கேடாய் முடிவதுண்டு.

2001ஆம் ஆண்டில் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் காட்டெருமைகளிடம் வெக்கை நோய் இறுதியாகக் காணப்பட்டது. அதன் பின் இல்லை. அதன் இனத்தைச் சேர்ந்த ஆட்டுக்கொல்லி நோயை 2030ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பது என்று உலக நாடுகள் இப்போது குறிக்கோள் கொண்டுள்ளன. ஏழையின் பசு என்று சொல்லப்படும் ஆட்டைக் காக்கும் இப்பணிக்கும் தொண்டர் வேண்டும்.

நம் குடும்பங்களிலும் கால்நடை மருத்துவமோ செவிலியர் கல்வியோ பயின்ற பிள்ளைகள், சில ஆண்டு தொலைநாட்டில் தொண்டு செய்ய விரும்புகிறேன் என்று கேட்கக்கூடும். பெற்றோர் அஞ்சித் தடுக்கவும் வேண்டாம். பெருமையில் மயங்கி உடனே பெட்டி கட்டவும் வேண்டாம். அந்த மக்களின் மொழியைக் கற்பாயா, அவர்கள் சொல்வதைக் கேட்பாயா, நீ திரும்பிய பிறகு அந்த வேலையைச் செய்ய அங்கே யாரைப் பழக்கி வைப்பாய் என்று கேளுங்கள். இம்மூன்றுக்கும் விடை வைத்திருக்கும் பிள்ளையை மனமுவந்து வாழ்த்தி அனுப்பலாம்.