நாற்பது வருட வேலை போயிற்று. ஊரெல்லாம் பள்ளிக்கூடம் ஆயிற்று!

1957-ம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துக் கடற்கரையை ஒட்டிய ஜான்ஸ் தீவு. அங்கே ஒரு மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள்.

பகலெல்லாம் வயலிலும், அடுத்தவர் வீட்டு அடுப்படியிலும் பாடுபட்டவர்கள் இரவில் அந்த அறைகளில் வந்து உட்கார்ந்தார்கள். மொத்தம் 14 பேர். அத்தனை பேரும் கறுப்பர்கள். சிலருக்குத் தட்டுத் தடுமாறி வாசிக்க வரும். சிலருக்குத் தங்கள் பெயரைக்கூட எழுத வராது.

சில வாரங்கள் கழிந்தன. ஒருநாள் கரும்பலகையில் வகுப்பில் உள்ளவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிப் போட்டார்கள். 65 வயது மூதாட்டி ஒருவர் எழுந்தார். குச்சியைக் கையில் வாங்கினார். தன் பெயர் எதுவோ அதைச் சரியாகத் தொட்டுக் காட்டினார். வாழ்நாளில் முதல் முறையாக அவர் தம் பெயரை எழுத்தில் கண்டுகொண்டார்!

அந்த வகுப்பு பிறக்கக் காரணமாக இருந்தவர் செப்டிமா கிளார்க் அம்மையார். அப்போது அவருக்கு வயது 58. கணவரை இழந்தவர். நாற்பது வருடம் பார்த்த ஆசிரியை வேலையையும், அதற்குரிய ஓய்வூதியத்தையும் சில மாதங்களுக்கு முன்புதான் பறிகொடுத்திருந்தார்.

ஏன் பறிகொடுத்தார்? ஒரு பாரத்தில் உண்மையை மறைக்க மறுத்ததால்!

சலவைக்காரத் தாயின் மகள்

செப்டிமா பிறந்தது 1898-ம் ஆண்டு மே 3-ந் தேதி, சார்ல்ஸ்டன் நகரில். தந்தை அடிமையாகப் பிறந்தவர். தாய் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுத்துப் பிழைத்தவர்.

கறுப்பர் பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளியில் கூட்டம் நெரிந்தது. படிப்பு ஏறவில்லை. எனவே ஓர் அம்மாள் தம் வீட்டில் நடத்திய சிறு பள்ளிக்கு மகளை மாற்றினார் தாய். கட்டணம் கட்டப் பணம் இல்லை. அதற்கு ஈடாக, அந்த அம்மாளின் குழந்தைகளைச் சிறுமி செப்டிமா பார்த்துக்கொண்டாள். இப்படித்தான் படிப்பு வந்தது.

1916-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. ஆசிரியையாக வேண்டும் என்பது ஆசை. ஆனால் சார்ல்ஸ்டன் நகரின் அரசுப் பள்ளிகளில் கறுப்பர்கள் ஆசிரியராக முடியாது. கறுப்பர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும் வெள்ளையர்தான் பாடம் நடத்த வேண்டும் என்பது அந்நாளைய நடைமுறை. ஆகவே 18 வயதுப் பெண் படகேறி ஜான்ஸ் தீவுக்குப் போனாள். அப்போது தீவுக்குப் பாலம் கிடையாது.

மரக்கட்டைகளால் கட்டிய பள்ளி. சாய்ந்துகொள்ள முதுகுப் பலகை இல்லாத பெஞ்சுகள். குளிருக்கு ஒரு கணப்பு. 132 மாணவர்களுக்கு இரண்டே ஆசிரியைகள். செப்டிமாவுக்கு மாதச் சம்பளம் 35 டாலர். உடன் இருந்தவருக்கு 25 டாலர். பக்கத்தில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. அங்கே மூன்றே மாணவர்கள். ஆனால் அந்த ஆசிரியைக்குச் சம்பளம் 85 டாலர்!

பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய செப்டிமாவிடம் இரவில் பெரியவர்கள் வந்தார்கள். சங்கத்தில் பேச வேண்டும், எழுதி வைத்துப் படிக்க வேண்டும், கற்றுக் கொடுங்கள் என்றார்கள். கற்றுக் கொடுத்தார். பெரியவர்களுக்குக் குழந்தைப் பாடம் உதவாது, அவர்களுக்கு எது தேவையோ அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதை அங்கேதான் அவர் தெரிந்துகொண்டார்.

பேரனை வளர்த்த பாட்டி

1919-ல் சார்ல்ஸ்டன் திரும்பினார். கறுப்பர் உரிமைக்குப் பாடுபடும் என்.ஏ.ஏ.சி.பி. என்ற சங்கத்தில் சேர்ந்தார். நகரப் பள்ளிகளில் கறுப்பர்களையும் ஆசிரியராக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். 1920-ல் அந்தக் கதவு திறந்தது.

அதே ஆண்டில் கடற்படையில் சமையல்காரராக இருந்த நெரி கிளார்க் என்பவரை மணந்தார். வாழ்க்கை சுகப்படவில்லை. முதல் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே இறந்தது. 1925-ல் ஒரு மகன் பிறந்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் கணவர் சிறுநீரக நோயால் காலமானார்.

கைக்குழந்தையோடு நின்ற செப்டிமா மீண்டும் வேலைக்குப் போனார். ஊர் விட்டு ஊர் போய் உழைத்துப் பிழைக்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கடம் அவருக்கும் வந்தது. பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளச் சம்பளம் போதவில்லை. வட கரோலினா மாநிலத்தில் இருந்த கணவரின் பெற்றோரிடம் மகனை அனுப்பினார். தாய் ஊர்ப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல, மகன் பாட்டியின் கையில் வளர்ந்தான்.

கொலம்பியா நகரில் 1929 முதல் 1947 வரை வேலை பார்த்தார். வேலைக்கு நடுவிலேயே படித்து 1942-ல் பி.ஏ. பட்டமும், 1946-ல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். கறுப்பு ஆசிரியருக்கும் வெள்ளை ஆசிரியருக்கும் ஒரே சம்பளம் வேண்டும் என்று 1945-ல் வழக்கு நடந்தபோது அதற்காக உழைத்தார். அந்த வழக்குக்குத் துணை நின்ற வக்கீல் தர்குட் மார்ஷல். பின்னாளில் 1967-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டின் முதல் கறுப்பு நீதிபதி ஆனவர் அவர்தான். வழக்கு ஜெயித்தது. சம்பளம் உயர்ந்தது.

726 கடிதங்கள், 26 பதில்கள்

1954-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. வெள்ளையருக்குத் தனிப் பள்ளி, கறுப்பருக்குத் தனிப் பள்ளி என்று பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்பது தீர்ப்பு. தென் மாநிலங்கள் கொதித்தன. பழி வாங்கும் வேலை தொடங்கியது.

1956-ல் தென் கரோலினா ஒரு சட்டம் போட்டது. அரசு ஊழியர், நகர ஊழியர் எவரும் என்.ஏ.ஏ.சி.பி.யில் இருக்கக் கூடாது. ஆசிரியர்கள் எந்தெந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்று எழுதித் தர வேண்டும்.

பலர் அந்த இடத்தை எழுதாமல் விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சம்பளத்தை நம்பி வீட்டில் அடுப்பு எரிகிறது. செப்டிமாவும் ஒன்றும் எழுதாமல் இருந்திருக்கலாம். ஓய்வு பெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் உள்ளதை உள்ளபடி எழுதினார்.

அதோடு நிற்கவில்லை. எல்லோரும் சேர்ந்து எதிர்த்தால் அத்தனை பேரையும் நீக்க முடியாது என்று நம்பினார். 726 கறுப்பு ஆசிரியர்களுக்குக் கடிதம் போட்டார். 26 பேர்தான் பதில் போட்டார்கள். கல்வி அதிகாரியைப் பார்க்கப் போனபோது உடன் வந்தவர்கள் ஐந்தே பேர்.

வேலை போயிற்று. ஓய்வூதியமும் போயிற்று.

அவருக்கு உதவி செய்வதற்காகக் கறுப்புப் பெண்களின் சங்கம் ஒன்று விருந்து நடத்தியது. ஆனால் அவரோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள உறுப்பினர் எவரும் துணியவில்லை. படம் பத்திரிகையில் வந்தால் தங்கள் வேலையும் போய்விடும் என்ற பயம்!

தாம் செய்த தவறு என்ன என்று பின்னாளில் அவரே எண்ணிப் பார்த்தார். ஆசிரியர்களை முதலில் தயார் செய்யாமல் திடீரென்று போராட அழைத்துவிட்டேன் என்றார். பயந்தவர்கள் மீது அவர் கோபப்படவில்லை. பயம் போக என்ன கற்றுத் தர வேண்டும் என்றுதான் யோசித்தார்.

பஸ்ஸில் நடந்த பாடம்

டென்னசி மாநிலத்து மலைப் பகுதியில் ஹைலாண்டர் என்றொரு பள்ளி இருந்தது. 1932-ல் மைல்ஸ் ஹார்ட்டன் என்ற வெள்ளையர் தொடங்கியது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே கூரையின் கீழ் தங்கிப் பேசிய இடம் அது. வேலை இழந்த செப்டிமாவை அப்பள்ளி அழைத்துக்கொண்டது. 1955-ம் ஆண்டு கோடையில் அங்கே அவர் நடத்திய முகாமுக்கு வந்தவர்களில் ஒருவர் ரோசா பார்க்ஸ் அம்மையார். அதே டிசம்பர் முதல் தேதி, மாண்ட்கோமரி நகரத்துப் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதானவர் அவரே.

ஜான்ஸ் தீவிலும் ஒரு பஸ்தான் காரணமாயிற்று. ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவுத் தொழிலாளர்களைத் தம் பஸ்ஸில் நாள்தோறும் சார்ல்ஸ்டனுக்கு ஏற்றிச் செல்வார். அந்த மாநிலத்தில் ஓட்டர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை அதிகாரி முன் வாசித்துக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டு இல்லை. படிக்கப் பள்ளியும் இல்லை!

பஸ்ஸில் வந்த ஒரு பெண் தமக்கு வாசிக்கச் சொல்லித் தரும்படி ஜென்கின்ஸைக் கேட்டார். அவரும் போகும் வழியிலெல்லாம் பயணிகளுக்குச் சட்டப் பகுதிகளைச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் பஸ் வகுப்பு எத்தனை பேருக்குப் போதும்? ஜென்கின்ஸ் ஹைலாண்டர் முகாமுக்குப் போய் உதவி கேட்டார். ஹைலாண்டர் கடன் கொடுத்தது. ஒரு கட்டிடம் வாங்கினார்கள். முன்பக்கம் மளிகைக் கடை. வெளியாட்கள் சந்தேகப்படாமல் இருப்பதற்காகப் பின்பக்கம் வகுப்பு.

ஆசிரியை யார்? இங்கேதான் செப்டிமாவின் யோசனை வேலை செய்தது. பட்டம் பெற்றவர் வேண்டாம் என்றார். தம் உறவுக்காரப் பெண்ணான பெர்னிஸ் ராபின்சனை அழைத்தார். அவர் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்பவர். தையல் வேலையும் தெரிந்தவர். பாடம் நடத்திப் பழக்கமே இல்லை. ஆனால் பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பவர். அவரிடம் வருபவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். எந்த முதலாளியும் அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது!

முதல் நாள் பெர்னிஸ் தொடக்கப் பள்ளிப் புத்தகங்களைக் கொண்டு போனார். அது சரிப்படாது என்று உடனே தெரிந்தது. உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் பாரம் எழுத வேண்டும், தபாலில் சாமான் வரவழைக்கும் பாரம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அவையே பாடம் ஆயின. அட்டையில் பெயரை எழுதிக் கொடுத்து, அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதிப் பழக வைத்தார்கள். வயலில் வேலை குறைந்த குளிர்காலத்தில் வாரம் இரண்டு இரவு வகுப்பு. முடிவில் அவர்களில் பலர் ஓட்டர் பட்டியலில் பெயர் சேர்த்துத் திரும்பினார்கள்.

ஒரு விளக்கிலிருந்து பல விளக்கு

அடுத்த தீவுக்காரர்கள் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். வகுப்புகள் பரவின. ஆத்திரம் கொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? 1959 ஜூலையில் போலீஸ் ஹைலாண்டருக்குள் புகுந்தது. மது வைத்திருந்ததாகச் சொல்லி, 61 வயது செப்டிமாவைக் கைது செய்தது. குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனாலும் 1961-ல் அந்தப் பள்ளியையே மாநில அரசு மூடிவிட்டது.

வகுப்புகள் மூடவில்லை. மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் இருந்த அமைப்பு அவற்றை ஏற்று நடத்தியது. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பயிற்சி நிலையம் ஏற்பட்டது. செப்டிமா தென் மாநிலங்களெங்கும் அலைந்து ஆட்களைத் திரட்டினார். குடியானவர்கள், துணி வெளுப்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள் வந்தார்கள். சில நாள் பயிற்சி பெற்று ஊருக்குப் போய் அவர்களே வகுப்பு நடத்தினார்கள். கரும்பலகை இல்லாத ஊரில் சலவைக் கடைத் துணிப்பைகளில் எழுதிப் பாடம் நடத்தியதும் உண்டு.

இயக்கத்துக்குள்ளும் அவருக்கு எல்லாம் இனிமையாக இல்லை. நிர்வாகக் குழுவில் இந்த அம்மாளுக்கு என்ன வேலை என்று கேட்ட ஆண்கள் இருந்தார்கள். எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை தாங்க வேண்டாம், மற்றவர்களையும் தலைவர்கள் ஆக்குங்கள் என்று கிங்குக்கே கடிதம் எழுதினார். அதைப் படித்து மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் கிங், 1964-ல் நோபல் பரிசு வாங்க ஆஸ்லோ சென்றபோது செப்டிமாவையும் அழைத்துப் போனார்.

1965-ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. தென் மாநிலங்களில் வாசித்துக் காட்டும் சோதனை நின்றது. அந்த நாள் வருவதற்குள், எழுத்தறியாத ஆயிரக்கணக்கான மக்கள் செப்டிமாவின் வகுப்புகளில் உட்கார்ந்து எழுந்திருந்தார்கள்.

பாட்டி திரும்பினார்

1970-ல் ஓய்வு பெற்று சார்ல்ஸ்டன் வந்தார். மகன் வளர்ந்து, பேரன் பேத்திகளும் வந்துவிட்டார்கள். உரிமை இயக்கத்தின் தாய் என்று சிலரும், பாட்டி என்று சிலரும் அவரைச் சொன்னார்கள்.

1975-ல், 77 வயதில், சார்ல்ஸ்டன் பள்ளிக் குழுவின் தேர்தலில் நின்று ஜெயித்தார். ஒரு காலத்தில் ஆசிரியையாகக்கூட அவரை ஏற்க மறுத்தவை, பிறகு வேலையை விட்டு நீக்கியவை சார்ல்ஸ்டன் பள்ளிகள். அதே ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்! மறு ஆண்டு மாநில கவர்னர், அவரை நீக்கியது அநியாயம் என்று ஒப்புக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்குப் பின் ஓய்வூதியம் கிடைத்தது. 1979-ல் ஜனாதிபதி கார்ட்டர் விருது கொடுத்தார். நகரத்துப் பெரிய சாலை ஒன்றுக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

1987 டிசம்பர் 15-ந் தேதி, 89-வது வயதில் செப்டிமா அம்மையார் காலமானார்.

வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தால், இன்னும் சில ஆண்டு பாடம் நடத்தி, நல்ல ஆசிரியை என்ற பெயரோடு ஓய்வு பெற்றிருப்பார். ஒரு பாரத்தில் உண்மையை எழுதினார், எல்லாம் போயிற்று. ஆனால் அதன் பிறகுதான், மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு மூதாட்டி குச்சியை வாங்கித் தன் பெயரைத் தொட்டுக் காட்டினார்.