மாடித் தளமும் உருக்குத் தகடும்

பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 1833ஆம் ஆண்டில் முதிரை மரத்தாலாகிய பாலமொன்று எழுந்தது. ஏறக்குறைய 205 அடி அகலத்தை நடுவில் ஒரு தூணுமின்றி ஒரே வளைவாய்க் கடந்து நின்ற அப்பாலம், 1905இல் உருக்குப் பாலத்துக்கு இடங்கொடுத்தது. மரம் செய்த பணியை உருக்கு ஏற்கும் அதே மாற்றத்தை இன்று மாடிக் கட்டடங்களுக்குள்ளும் காணலாம். பலகை அடைத்து, கீழே நெருக்கமாக முட்டுக்கொடுத்துத் தளம் வார்ப்பதற்குப் பதிலாக, நெளிவுள்ள உருக்குத் தகடுகளை விட்டங்களின்மேல் விரித்து, அவற்றின்மேல் கொங்கிறீற்று இடும் முறையே அது.

கண்டி போன்ற மலைநகருக்கு இம்முறையால் இரு நன்மைகள் உண்டு. சரிவான நிலத்தில் முட்டுக்கால்களை உறுதியாய் ஊன்றுதல் எளிதன்று. மழையில் மண் இளகினால் அவை அமிழ்ந்துவிடும். தக்க தகடோ விட்டத்திலிருந்து விட்டம்வரை பாரத்தைத் தானே சுமக்கும். இரண்டாவது நன்மை பாரக் குறைவு. 150 மில்லிமீற்றர் தடிப்புள்ள கொங்கிறீற்றுத் தளம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 360 கிலோகிராம் நிறையுடையது. நெளிதகட்டை இட்டால், அதன் மேடுகள் கொங்கிறீற்றின் இடத்தைப் பிடிப்பதால், அந்நிறையில் நான்கிலொரு பங்களவு குறையக்கூடும். மலைச்சரிவின் அத்திவாரத்துக்கு இது சிறிய உதவியன்று.

ஆயினும், எந்தத் தகடும் இப்பணிக்கு உதவுமென்று எண்ணுதல் பெரும் தவறாகும். தளத்தகட்டுக்குக் கடமைகள் இரண்டு. கொங்கிறீற்று இடும் நாளில், ஈரக்கலவையின் பாரத்தையும் வேலையாட்களின் பாரத்தையும் அது தனித்தே தாங்க வேண்டும். கொங்கிறீற்று இறுகியபின், தளத்தின் அடிப்புறத்தில் உண்டாகும் இழுவையைத் தாங்க வேண்டும். கொங்கிறீற்று நசுக்குதலைத் தாங்கும், இழுத்தால் வெடிக்கும். ஆகவே கம்பி செய்யும் பணியைத் தகடு செய்கின்றது. அதற்குத் தகடும் கொங்கிறீற்றும் ஒன்றையொன்று இறுகப் பற்ற வேண்டும். தளத்தகட்டில் சிறு புடைப்புகள் பொறிக்கப்பட்டிருப்பது இதற்காகவே. கூரைத் தகட்டில் அவை இல்லை. பார்வைக்கு இரண்டும் உடன்பிறந்தவை போலிருப்பினும், கூரைத் தகட்டின்மேல் வார்த்த தளம், அத்தகட்டை நம்பி நிற்கமுடியாது.

தெரிவு செய்யும்போது முதலில் நோக்கவேண்டியது விட்டங்களுக்கிடையிலான தூரம். 50 அல்லது 60 மில்லிமீற்றர் ஆழமுள்ள நெளிதகடுகள் பொதுவாக 3 மீற்றரளவு தூரத்தையே முட்டின்றிக் கடக்கும். தூரம் மிகுந்தால் ஆழமான நெளிவோ, தடிப்பான தகடோ, இடையில் தற்காலிக முட்டோ வேண்டும். தகட்டின் தடிப்பு பெரும்பாலும் 0.7 முதல் 1.2 மில்லிமீற்றர் வரையாகும். சிக்கனங்கருதி மெல்லிய தகட்டை இட்டால் அது நடுவில் தாழும். தாழ்ந்த இடத்தில் கலவை மேலும் சேரும். சேர்ந்த பாரத்தால் தகடு மேலும் தாழும். கலவையை ஓரிடத்தில் குவித்துக் கொட்டுவதும் இதே ஆபத்தை விளைவிக்கும். அவ்வேளையில் உயிராபத்துக்குள்ளாகிறவர் தகட்டின்மேல் நிற்கும் தொழிலாளியே.

அடுத்து நோக்கவேண்டியது துரு. சாதாரணமாக இத்தகடுகளின் இருபுறமும் சேர்த்துச் சதுர மீற்றருக்கு 275 கிராம் துத்தநாகம் பூசப்படும். ஒரு பக்கத்தின் பூச்சு 0.02 மில்லிமீற்றரளவே. உலர்ந்த அறைகளுக்கு இது போதும். குளியலறையிலும் மழை படும் திறந்த மாடத்திலும் நீர் கசிந்து தகட்டை அடையாதவாறு தனிப்பாதுகாப்புச் செய்தல் வேண்டும். நெருப்பையும் மறத்தலாகாது. 600 பாகை செல்சியசு வெப்பத்தில் உருக்கு தன் வலிமையில் பாதிக்குமேல் இழந்துவிடும். ஆதலால் பொறியியலாளர் குறிக்கும் கம்பி வலையையோ சலாகைகளையோ, 'தகடு இருக்கின்றதே' என்று விட்டுவிடக்கூடாது.

2020 செப்டெம்பர் 20ஆம் திகதி கண்டி பூவெலிக்கடையில் ஐந்துமாடிக் கட்டடமொன்று இடிந்து மூவர் உயிரிழந்தனர். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்து மலைகள் பல இடங்களிற் சரிந்தன. மேலே எழுப்பும் ஒவ்வொரு கிலோகிராமும் கீழே மண்ணைச் சென்றடைகின்றது என்பதை மலைநாட்டார் மறக்க இயலாது. எனவே, நிலத்தைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையையும், தளத்தைப் பற்றித் தகுதிபெற்ற பொறியியலாளரின் கணக்கையும் பெற்றபின்பே தகடு வாங்கக் கடைக்குச் செல்லுதல் நன்று. விலையைக் கேட்குமுன், "இத்தகடு எத்தனை மீற்றர் தூரத்தை முட்டின்றித் தாங்கும்?" என்று கேட்பவரே வீட்டைக் காப்பவராவார்.