சைக்கிள் எடை: எந்த கிராமுக்குக் காசு கொடுக்கலாம்?

போன மாதம் ஒரு கார்பன் ஃப்ரேம் வாங்கக் கை துறுதுறுத்தது. இப்போது ஓட்டும் அலுமினிய ரோடு பைக் பெடலோடு 10.2 கிலோ. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் பெரியாறு அணைக்குப் போய்வருவதுதான் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். அந்த ரோட்டுக்கு எடை எவ்வளவு முக்கியம் என்று, காசை எடுத்து வைக்கும் முன் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் ஃப்ரேம். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.8 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7, கார்பன் இழைக் கலவை சுமார் 1.6. அப்படியானால் அலுமினிய ஃப்ரேம் இரும்பு ஃப்ரேமில் மூன்றில் ஒரு பங்குதானே இருக்கணும்? இருக்காது. அலுமினியத்தின் விறைப்பும் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்டக் குழாயைப் பருமனாகச் செய்கிறார்கள். அதனால்தான் அலுமினிய வண்டி பார்க்கக் குண்டாக இருக்கிறது. கடைசியில் நல்ல இரும்பு ஃப்ரேம் 2 கிலோவை ஒட்டி வரும், அலுமினியம் 1.2 முதல் 1.6 கிலோ, கார்பன் 0.8 முதல் 1.1 கிலோ.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கம்பெனிகள் சொல்லும் ஃப்ரேம் எடை பெரும்பாலும் ஏதோ ஒரு அளவுக்கானது. சில சமயம் பெயின்ட், போல்ட் எல்லாம் சேராது. ஃபோர்க் தனிக் கணக்கு. இரண்டு ஃப்ரேமை ஒப்பிடும்போது ஒரே அளவு, ஒரே சாமான்களா என்று பார்க்கணும்.

அடுத்து கியர் செட். ஷிமானோ 105-க்கும் டியூரா-ஏஸுக்கும் வித்தியாசம் சுமார் அரைக் கிலோ. விலையோ எங்கேயோ போய்விடும். ஃப்ரேம், கியர் செட் இரண்டையும் மாற்றினால் எனக்கு 1 கிலோ குறையும்.

அந்த 1 கிலோ என்ன செய்யும்? 100 மீட்டர் உயரம் ஏற்ற 980 ஜூல் வேண்டும். 150 வாட்டில் மிதித்தால் ஆறரை நொடி. அணை மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. பெரிய ஏற்றமே கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால் சுமார் 1,900 மீட்டர். அங்கேகூட மிச்சம் இரண்டு நிமிஷம்தான்! பந்தயக்காரர்களுக்கு அது பெரிசு. அவர்களுக்கே 2000 முதல் சர்வதேச சைக்கிள் சங்கம் 6.8 கிலோவுக்குக் கீழே வண்டி கூடாது என்று வைத்திருக்கிறது.

சமதரையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. மிச்சத்தில் பெரும்பங்கு டயருக்கு. எனவே ஃப்ரேம் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு, நல்ல மடக்கு டயர் ஒரு ஜோடி வாங்கினேன். எடை குறைந்தது ஜோடிக்கு 200 கிராம்தான். ஆனால் வண்டி உருளுவதில் வித்தியாசம் தெரிகிறது.

வீட்டில் வண்டியை நிறுக்க சுலபமான வழி: சைக்கிளைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு வெறுமனே ஏறிக் கழியுங்கள். இரண்டாவது எண்ணையும் கொஞ்சம் பாருங்கள். திரும்பும்போது வாங்கும் அரைக் கிலோ பால்கோவா, டியூரா-ஏஸ் மிச்சம் பிடித்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.