கைதட்டத் தடை, புழுவுக்கு அனுமதி

பிரிட்டனில் கட்சித் தலைவர்கள் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் வாதிட முதன்முதலாக இசைந்தது 2010 தேர்தலில்தான். அமெரிக்காவில் கென்னடியும் நிக்சனும் மோதி அதற்குள் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அத்தனை காலம் தயங்கியவர்கள், சரியென்று சொன்ன கையோடு 76 விதிகளை எழுதிக்கொண்டார்கள். யார் முதலில் பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது, கேமரா எப்போது பார்வையாளர் பக்கம் திரும்பலாம், எல்லாம் அதில் உண்டு. அரங்கில் இருப்பவர்கள் விவாதத்தின் நடுவே கைதட்டக் கூடாது என்பதும் ஒரு விதி.

கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு விதிக்குப் பின்னால் நல்ல உளவியல் இருக்கிறது.

1984 அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தின்போது ரீகனுக்கு வயது 73, எதிர்த்து நின்ற மாண்டேலுக்கு 56. வயதைப் பற்றிக் கேட்டபோது, என் எதிராளியின் இளமையையும் அனுபவக் குறைவையும் அரசியல் ஆதாயத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்றார் ரீகன். அரங்கமே சிரித்தது, மாண்டேல் உட்பட. ஸ்டீவன் ஃபைன், ஜார்ஜ் கோத்தல்ஸ், மேத்யூ குக்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் பின்னாளில் அந்தப் பதிவை மூன்று விதமாகத் தொகுத்து, தனித்தனிக் குழுக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒன்று முழுமையானது. ஒன்றில் ரீகனின் நகைச்சுவைகளே இல்லை. மூன்றாவதில் நகைச்சுவை உண்டு, சிரிப்பொலி மட்டும் இல்லை. ரீகனுக்கு அதிகம் அடி விழுந்தது மூன்றாவதில்தான். யாரும் சிரிக்காத நகைச்சுவை, சொல்லாமலே விட்ட நகைச்சுவையைவிட மோசம். கல்யாண வீட்டில் ஜோக் சொல்லிவிட்டுத் தனியாகச் சிரித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே 2010 ஏப்ரல் 15 அன்று, மூன்று பிரிட்டன் விவாதங்களில் முதலாவது நடந்தபோது, மான்செஸ்டர் அரங்கில் 200 பேர் அமைதி காத்தார்கள். பிரதமர் கோர்டன் பிரவுன், கன்சர்வேடிவ் தலைவர் டேவிட் கேமரன், இருவருக்கும் இணையாக மூன்றாவது கட்சியான லிபரல் டெமாக்ரட்டின் நிக் கிளெக். வீடுகளில் பார்த்தவர்கள் ஏறத்தாழ 94 லட்சம் பேர். கிளெக் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசினார். கேள்வி கேட்டவர்களைப் பெயர் சொல்லி அழைத்தார். “நிக் சொல்வதை ஏற்கிறேன்” என்று பிரவுன் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு கிளெக்கின் மதிப்பை ஏற்றிவிட்டது. அன்றிரவு யூகவ் நிறுவனம் எடுத்த கணிப்பில் வென்றவர் கிளெக் என்றோர் 51 சதவீதம், கேமரன் 29, பிரவுன் 19.

வாசலில் தடுத்த கைதட்டல் கொல்லைப்புறமாக நுழைந்தது இந்த விவாதத் தொடரில்தான். அதன் பெயர் ‘புழு’.

முடிவெடுக்காத வாக்காளர்கள் என்று சிலரைத் தேர்ந்தெடுத்து ஓர் அறையில் உட்காரவைப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு கருவி. பேச்சு பிடித்தால் மேலே, கசந்தால் கீழே. கணினி எல்லோருடைய எண்களையும் நொடிக்கு நொடி சராசரி எடுக்க, அது திரையின் அடியில் ஒரு கோடாக நெளிந்து ஓடும். இதன் பாட்டனாரை 1930களின் கடைசியில் வானொலி ஆய்வுக்காக உருவாக்கியவர்கள் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஃபிராங்க் ஸ்டாண்டனும். பிடித்தால் பச்சைப் பொத்தான், பிடிக்காவிட்டால் சிவப்பு. ஓடும் காகிதச் சுருளில் கோடு விழும். ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்தவர்கள் ஆய்வாளர்கள் மட்டுமே. பின்னால் வந்தவர்கள் அதை எடுத்துப் பார்வையாளரின் கண்முன்னே ஓடவிட்டார்கள். வித்தியாசம் அங்கேதான்.

லண்டன் ராயல் ஹாலோவே கல்லூரியின் காலின் டேவிஸ், அமினா மெமன், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி போவர்ஸ் மூவருக்கும் இந்தக் கோடு உறுத்தியது. ஏப்ரல் 29 அன்று நடந்த மூன்றாவது, கடைசி விவாதத்தை அவர்கள் சோதனைக்கூடமாக்கினார்கள். 150 பேர், இரண்டு குழு, நேரடி ஒளிபரப்பு. திரையில் புழுவும் ஓடியது. அது வாக்காளர்களின் புழு அல்ல என்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது. ஆய்வாளர்களே அதை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழுவுக்குப் பிரவுன் பேசும்போது சற்றே ஏற்றினார்கள், இன்னொரு குழுவுக்குக் கிளெக் பேசும்போது.

விவாதம் முடிந்ததும், வென்றது யார் என்று கேட்டார்கள். பிரவுனுக்குச் சாதகமான புழுவைப் பார்த்தவர்களில் 47 சதவீதம் பேர் பிரவுன் என்றார்கள், 35 சதவீதம் கிளெக் என்றார்கள். கிளெக்கின் புழுவைப் பார்த்தவர்களில் கிளெக் என்றோர் 79 சதவீதம். பிரவுன் வெறும் 4. அதே பேச்சு, அதே முகங்கள், அதே ஒன்றரை மணி நேரம். யார் பிரதமராக வேண்டும் என்ற கேள்வியிலும் கோட்டின் கை தெரிந்தது. முடிவுகள் 2011இல் பிளாஸ் ஒன் இதழில் வந்தன.

இதைப் படித்ததும் மக்களை ஆட்டு மந்தை என்று திட்டத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே யாரும் யாருக்கும் அஞ்சவில்லை, கூச்சப்படவும் இல்லை. நிதிப் பற்றாக்குறையை இந்த ஆண்டே குறைப்பதா, அடுத்த ஆண்டா என்று மூவர் வாதிடும்போது சாதாரண மனிதர் எதை வைத்து எடை போடுவார்? மற்றவர்களுக்கு எப்படிப் படுகிறது என்பதும் ஒரு தகவல்தான். புதிய ஊரில் கூட்டமுள்ள ஹோட்டலைத் தேடிப் போகிறோமே, அந்தப் புத்தி. சிக்கல் என்னவென்றால், புழுவுக்குப் பின்னால் இருக்கும் கூட்டம் நிஜக் கூட்டம் அல்ல. சில பத்துப் பேர். 30 பேரிடம் மட்டும் கேட்டு எடுத்த சதவீதம் ஏறத்தாழ 18 புள்ளி மேலேயோ கீழேயோ தவறலாம் என்பது புள்ளியியலின் பாலபாடம். போதாததற்குச் சராசரி என்பதே ஒரு மூடுதிரை: பாதிப் பேர் உச்சத்துக்கும் மீதிப் பேர் அடிமட்டத்துக்கும் போனால் கோடு நடுவில் சாதுவாகப் படுத்திருக்கும். அரங்கமே இரண்டுபட்டிருப்பது அதில் தெரியாது.

நியூசிலாந்து இதை முன்பே பார்த்துவிட்டது. 2002 தேர்தல் விவாதத்தில் பீட்டர் டன் பேசும்போதெல்லாம் புழு மேலே ஏறியது. நாடாளுமன்றத்தில் அவர் ஒருவரே உறுப்பினராக இருந்த யுனைடெட் ஃபியூச்சர் கட்சிக்கு அந்தத் தேர்தலில் 8 இடங்கள். எல்லாம் புழுவின் வேலை என்று சொல்லிவிட முடியாதுதான். அவர் நிதானமாகவும் பேசினார்.

ஆய்வகத்தில் கேட்டது விவாதம் முடிந்த கையோடு. வாக்குச்சாவடி போகும்வரை அந்தத் தாக்கம் தாங்குமா என்பது வேறு கேள்வி. கிளெக்கின் கதை அங்கேதான் சுவாரஸ்யமாகிறது. முதல் விவாதத்தைப் பார்க்காதவர்களுக்கும் அந்த 51 சதவீதம் மறுநாள் செய்தியாகப் போய்ச் சேர்ந்தது. அதுவும் ஒரு புழுதான், கொஞ்சம் பெரியது. சில கணிப்புகளில் அவர் கட்சி முதலிடத்தையே தொட்டது. ‘கிளெக் காய்ச்சல்’ என்று பேச்சானது.

தேர்தல் நாளான மே 6 இரவு 10 மணிக்கு வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பு வெளியானது. வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டு எடுத்தது அது. லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 59 இடங்கள், அதாவது முந்தைய தேர்தலைவிடக் குறைவு என்றது. தொலைக்காட்சி அரங்குகளில் உட்கார்ந்திருந்த பலர் அதை நம்பவில்லை. கணக்கில் ஏதோ பிசகு என்றார்கள். எண்ணி முடித்தபோது 57.