வெள்ளி பூசும் கணக்கு: 3,200 சதுர செ.மீ.க்கு என்ன செலவு?

சின்ன மாடலில் உலோக நிறம் அடிப்பதும் பெரிய மாடலில் அடிப்பதும் ஒரே வேலையல்ல. சின்னதில் கண்ணுக்குத் தப்பும் கீறல், பெரிய வெற்றுப் பரப்பில் முதலில் தெரியும். அதனால் குப்பியைத் திறக்கும் முன் கணக்குப் போடுவது அவசியம். கணக்குக்கு நான் எடுத்துக்கொள்வது பி-36 குண்டுவீச்சு விமானம்.

பரப்பளவு

அமெரிக்காவின் கான்வேர் நிறுவனம் கட்டிய பி-36, 1946-இல் முதன்முதலாகப் பறந்தது. 1959-இல் ஓய்வு பெற்றது. இறக்கை விரிவு 70.1 மீட்டர், உடல் நீளம் 49.4 மீட்டர். பெரும்பகுதி பெயின்ட் பூசாத வெற்று உலோகத் தோல். மோனோகிராம் நிறுவனம் 1/72 அளவில் வெளியிட்ட கிட்டில் இறக்கை 97.4 செ.மீ., உடல் 68.6 செ.மீ.

அளவு 72-இல் ஒரு பங்கு என்றால் பரப்பு 72 × 72 = 5,184-இல் ஒரு பங்கு. அசல் இறக்கைப் பரப்பு சுமார் 443 ச.மீ.; மாடலில் ஒரு பக்கத்துக்கு 855 ச.செ.மீ. மற்ற உறுப்புகளை உருளை, தட்டு என வடிவம் பிரித்து மதிப்பிட்டேன்.

- இறக்கை, மேலும் கீழும் (உடலுக்குள் மறையும் பகுதி நீங்கலாக): 1,500
- உடல்: 950
- வால் பகுதி: 500
- எஞ்சின் கூடுகள்: 250
- மொத்தம்: 3,200 ச.செ.மீ.

ஏ4 தாள் ஐந்தைப் பரப்பினால் வரும் இடம் இது. இதே விமானம் 1/144-இல் 800 ச.செ.மீ.தான், 1/48-இல் 7,200. நீளம் ஒன்றரை மடங்கானால் பெயின்ட் இரண்டேகால் மடங்காகும்.

எவ்வளவு மில்லி?

பிரைமரும் அதன்மேல் பளபளக் கருப்பும் சேர்ந்து காய்ந்தபின் 25 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். 3,200 ச.செ.மீ.க்கு அது 8 கன செ.மீ. காய்ந்த பெயின்ட். தின்னரைச் சரிபாதி கலந்த கலவையில் 15 சதவீதம்தான் கெட்டிப்பொருள் என்றால் 53 மில்லி பரப்பில் ஒட்ட வேண்டும். ஏர்பிரஷ்ஷில் கிளம்புவதில் பாதி காற்றோடு போகும் என்று கொண்டால் 107 மில்லி கலவை தேவை. அதாவது பெயின்ட் 53, தின்னர் 53.

வெள்ளியின் கணக்கு வேறு. அது 3 மைக்ரான் படிந்தாலே போதும். கெட்டிப்பொருள் 5 சதவீதம், விரயம் பாதி என்றால் 38 மில்லி.

பி-36-க்கு ஒரே வெள்ளி போதாது. காற்றழுத்தம் காக்கும் அறைகளின் அலுமினியத் தோல் மின்னும். நடு உடலின் மக்னீசியத் தோல் மங்கிய சாம்பலாகத் தெரியும். முழுவதும் வெளிர் வெள்ளி அடித்து, மூன்றில் ஒரு பங்குப் பரப்புக்கு மேலே அடர் வெள்ளி அடிக்க இன்னொரு 13 மில்லி. ஆக, 30 மில்லிக் குப்பி வெளிரில் இரண்டு, அடரில் ஒன்று. வெளிரில் 22 மில்லி மிஞ்சும். இறக்கையின் மேல்பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க 9 மில்லி வேண்டியிருப்பதால் இந்த மிச்சம் ஆடம்பரமல்ல.

எவ்வளவு ரூபாய்?

இவை நான் கணக்குக்கு வைத்துக்கொண்ட விலைகள். உங்கள் கடை விலையைப் போட்டுப் பார்க்கலாம். ஏர்பிரஷ், கம்ப்ரஸர், ஆவி வடிகட்டும் முகமூடி ஒருமுறைச் செலவுகள் என்பதால் சேர்க்கவில்லை. ஆனால் லேக்கர் அடிப்பவர் அந்த முகமூடி இல்லாமல் தொடங்கவே கூடாது.

- உலோக லேக்கர், 3 குப்பி × ரூ.1,000: ரூ.3,000
- பிரைமரும் கருப்பும், 53 மில்லி × ரூ.20: ரூ.1,060
- மாஸ்கிங் டேப், 3 சுருள் × ரூ.250: ரூ.750
- வாட்டர் பேப்பர், 10 தாள் × ரூ.20: ரூ.200
- கலவைத் தின்னர்: ரூ.160
- ஏர்பிரஷ் கழுவ என்.சி. தின்னர், 500 மில்லி: ரூ.125
- மொத்தம்: ரூ.5,295

வெள்ளிக்கு 57 சதவீதம் போகிறது. வாட்டர் பேப்பருக்கு 4 சதவீதம்கூட இல்லை. ஆனால் முடிவின் தரம் இந்தச் சிறு தொகையில்தான் நிற்கிறது.

ஏன் அப்படி?

பி600 வாட்டர் பேப்பரின் மணல் துகள் சராசரி 25.8 மைக்ரான். பி1000-இல் 18.3. பி2000-இல் 10.3. வெள்ளிப் படலமோ 3 மைக்ரான். பி600 போட்ட கீறலை இந்தப் படலம் நிரப்பாது. ஒளியைச் சிதறவிட்டு இன்னும் எடுத்துக்காட்டும். கருப்பு எவ்வளவு வழவழப்போ, வெள்ளியும் அவ்வளவே மின்னும்.

துகளின் அளவுக்கும் இதே கணக்குதான். கார் ஸ்பிரேயில் அலுமினியச் செதில் 50 மைக்ரான் என்றால், 1/72-இல் அது அசல் விமானத்தின் மேல் 3.6 மி.மீ. ஜிகினா. அசல் தோலில் அப்படி எதுவும் இல்லை. மாடலுக்கென அரைத்த நுண்செதில் லேக்கருக்குக் கூடுதல் விலை கொடுப்பது இதற்காகத்தான்.

எவ்வளவு நேரம்?

அச்சிலிருந்து வந்த பிளாஸ்டிக் வழவழப்பாகவே இருக்கும். முழுதாகத் தேய்க்கத் தேவையில்லை. இந்தக் கிட்டில் தகட்டுக் கோடுகள் புடைப்பாக இருப்பதால் கண்டபடி தேய்த்தால் அவை அழிந்தும் போகும். தேய்க்க வேண்டியது ஒட்டுகளை. அவை சுமார் 4 மீட்டர் நீளம், 2 செ.மீ. அகலம், 800 ச.செ.மீ. பி600, 1000, 1500, 2000 என நான்கு முறை, நிமிடத்துக்கு 10 ச.செ.மீ. வீதம் 320 நிமிடம். காய்ந்த கருப்பை ஒருமுறை இலேசாகத் தடவ இன்னொரு 160. மொத்தம் 8 மணி நேரம்.

அடிப்பதற்கு? கருப்பு நிமிடத்துக்கு ஒரு மில்லி, வெள்ளி அரை மில்லி. இரண்டும் சேர்ந்து மூன்றரை மணி நேரம். வெள்ளியை 12 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், மெல்லிய பல கோட்டுகளாக அடிக்க வேண்டும். ஒரே கோட்டில் நனைத்தால் செதில்கள் மிதந்து திட்டுத்திட்டாகும்.

எங்கே நிறுத்திப் பார்ப்பது?

தேய்ப்பில் அவசரப்பட்டு, முழுவதையும் கழுவி மீண்டும் அடித்தால் 51 மில்லி வெள்ளிக்கு ரூ.1,700, கருப்பு, தின்னர்கள் சேர்த்தால் ரூ.3,045. ரூ.200 தாளை மிச்சம் பிடித்தவருக்கு 15 மடங்கு அபராதம்.

ஆகவே கருப்பு காய்ந்ததும் ஒரு விளக்கைத் தாழ்வாகப் பிடித்து, நான்கு மீட்டர் ஒட்டையும் கண்ணால் தொடருங்கள். விளக்கின் பிம்பம் எங்காவது உடைந்தால் மீண்டும் பி1500-க்குப் போங்கள். அரை மணி நேரமும் இரண்டு தாளும்தான் போகும். இந்தச் சோதனையில் தேறிய பரப்புக்கு மட்டும் வெள்ளிக் குப்பியைத் திறந்தால், போட்ட ரூ.5,295-க்கு உரிய பளபளப்பு கிடைக்கும்.